ஓடுபாதையில் மயில் இல்லை

ஜூன் 21

பறந்த நேரத்தை எழுத லாக்புக் தந்திருக்கிறார்கள். பறக்காத நேரத்தை எழுத எதுவும் தரவில்லை. ஆகவே நாற்பது பக்க நோட்டு ஒன்றை நானே வாங்கிக்கொண்டேன். இதுதான் முதலில் நிரம்பும் என்று தெரிகிறது.

நிலவரம்: பெயர் ஆன்சி. வயது பதினெட்டு. ஊர் தூத்துக்குடி. இப்போது இருப்பது கரிசல் காட்டின் நடுவே யுத்த காலத்தில் போட்ட ஒரு ஓடுபாதை, அதன் ஓரத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி, அதன் ஓரத்தில் ஒரு ஹாஸ்டல். விமானங்கள் மூன்று. ஒன்று உதிரிபாகத்துக்காக நிற்கிறது. இன்னொன்று தன் உதிரிபாகத்தை மூன்றாவதற்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது. மூன்றாவது பறக்கிறது. வரிசையில் பதினான்கு பேர்.

இன்று காலை மெஸ் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. விமானத்தின் எடைச் சமநிலையைக் கருத்தில் கொண்டு, மாணவர்கள் அனைவரும் இட்லிக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் எடை பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இருந்தது. ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். சாமான் எடை போடும் மிஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொங்கல் என்றால் எப்படி என்று ஒருவன் சந்தேகம் கேட்டான்.

இதை ஒட்டியது யார் என்று தலைமைப் பயிற்றுநர் கேப்டன் பூவராகன் யாரையும் விசாரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார். ஒரு வாரத்துக்கு நானே அந்த எடைகளை எழுதி, கூட்டிக் கழித்து, தினமும் அவர் மேஜையில் வைக்க வேண்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. விமானத்தை மட்டும்தான் உயர்த்துவார்.

கூட்டல் கழித்தலை என் அறைத்தோழி தாட்சாயணி செய்து கொடுத்தாள். என் கையெழுத்து அழகு என்பதால் நான் எழுதினேன்.

ஜூன் 25

ஜூலை 18 அன்று எனக்குச் செக், அதாவது பறக்கிற பரீட்சை. மேற்கே மலையடிவாரத்து அணைவரை போய்த் திரும்ப வேண்டும். கேப்டன் வலது பக்கம் உட்கார்ந்து வருவார். அவருக்குத் திருப்தி என்றால் அதே வழியில் தனியாகப் போக எனக்கு அனுமதி. ஊர் விட்டு ஊர் தனியாகப் பறக்காமல் லைசென்ஸ் கிடையாது. அனுமதி இல்லையென்றால் பழையபடி வரிசை.

போவது சுலபம். வருவதும் சுலபம். எப்போது இறங்க ஆரம்பிப்பது என்பதில்தான் தொல்லை. அதை விமானி மனக்கணக்காகப் போட வேண்டும். எத்தனை அடி இறங்க வேண்டுமோ அதை ஐநூறால் வகுத்தால் நிமிடம் வரும். நிமிடத்துக்கு எத்தனை மைல் ஓடுகிறோமோ அதால் பெருக்கினால் தூரம் வரும். அந்தத் தூரத்தில் இறங்க ஆரம்பித்தால் ஓடுபாதையை அடையும்போது சரியான உயரத்தில் இருப்போம். முந்திவிட்டால் பருத்திக்காட்டின்மேல் தவழ வேண்டும். பிந்திவிட்டால் ஓடுபாதை கீழே கிடக்கும், நாம் மேலே கிடப்போம்.

இந்தக் கணக்கை நான் போடத் தேவையில்லை. இந்த அறையில் எனக்கு முன்பு இருந்த பெனிட்டா அக்கா போகும்போது மூன்று பொருள்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வாளி, ஓர் இஸ்திரிப்பெட்டி, சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி. ஐயாயிரத்து ஐநூறு அடியில் வந்து, புகைபோக்கிக்கு நேராகப் பவரைக் குறை, மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்றாள். அவளுக்கு அதை முந்தின பேட்சில் ஒருத்தி கொடுத்தாளாம். புகைபோக்கி இங்கிருந்து பன்னிரண்டு மைல். பிப்ரவரியில் நான்கு முறை, மார்ச்சில் மூன்று முறை செய்தேன். ஏழு முறையும் தானாக நடந்தது.

வாளி மட்டும் ஓட்டை.

ஜூன் 27

பறக்க முடியாத நாள்களில் நாற்காலியில் பறக்கிறோம். விளையாட்டு இல்லை, பாடத்திட்டம். வராந்தாச் சுவரில் விமான முகப்பின் படம் ஒன்றை ஒட்டி, எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, கையில் மடக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

தாட்சாயணி கரூர்க்காரி. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சத்தமாகக் கணக்குப் போடுவாள். நான் கண்ட்ரோல் டவர். ஓடுபாதையில் கல்யாண ஊர்வலம் போகிறது, மேலேயே காத்திருக்கவும் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். அது பெண் வீட்டாரைப் பொறுத்தது என்றேன். அவள் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் ஆகும் என்று போட ஆரம்பித்துவிட்டாள்.

அவளைச் சீண்டிப் பயனில்லை. எதைக் கொடுத்தாலும் எண்ணாக்கிவிடுகிறாள்.

ஜூலை 2

பறக்கவில்லை. மேற்கிலிருந்து மேல்காற்று. மாடியில் காயப்போட்ட சுடிதார் வேலி தாண்டிப் போய்விட்டது. இந்த மாதம் என்னைவிட அதற்குத்தான் பறந்த நேரம் அதிகம்.

ஜூலை 9

தாட்சாயணி செக்கில் தேறிவிட்டாள். மெஸ்ஸில் அவளுக்குக் கூடுதலாக ஒரு வடை வைத்தார்கள்.

வடையைப் பாதி பிய்த்து எனக்குக் கொடுத்துவிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள்.

"பொகபோக்கியெல்லாம் தை மாசிக்குச் செரிடி. இப்ப மேக்கருந்து காத்து அடிக்குது. திரும்பி வர்றப்ப முதுகுல புடிச்சுத் தள்ளுது. நிமிசத்துக்கு ஒன்னர மைல் போயிட்டிருந்தது இப்ப ரெண்டு போவுது. நீயே போட்டுப் பாரு."

புகைபோக்கி இடம் மாறிவிட்டதாகத் தகவல் இல்லையே என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் வடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆன்சி, ஆறேழு எத்தன?"

"ஆறேழு பேரு வருவாங்க. டீ கொஞ்சம் கூடப் போடச் சொல்லு."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் துவைக்க வேண்டிய துணி நிறைய இருந்தது.

ஜூலை 18

காற்று அதிகம். மதியம் சாம்பார் சாதம்.

ஜூலை 19

நேற்று ஓடுபாதைக்கு மேலே எதற்காக மூன்று சுற்றுச் சுற்றினாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நேற்றைக்கென்று பார்த்து எல்லோருக்கும் துணி எடுக்கிற வேலை.

ஓடுபாதையில் மயில் நின்றது என்றேன். தோகையை விரித்துக்கொண்டு நகர மறுத்தது. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது இரண்டு மயில் ஆயிற்று. ஐந்தாவது ஆளிடம் அவற்றுக்குள் குடும்பத் தகராறு. நன்றாகத்தான் எடுபட்டது.

விமானத்தைத் திருப்பி ஒப்படைக்கும்போது ஒரு தாள் நிரப்ப வேண்டும். அதில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நேற்றே அங்கே 'ஓடுபாதையில் மயில்' என்று எழுதிவிட்டேன். வெளியே சொன்னதும் உள்ளே எழுதியதும் ஒத்துப்போக வேண்டும் இல்லையா.

கேப்டன் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. நேற்று இறங்கியதும், "திரும்பப் பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். இன்று காலை பத்து நாள் லீவில் சென்னைக்குப் போய்விட்டார்.

ஜூலை 21

முருகையா அண்ணன் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஓடுபாதையில் மயிலும் ஆடும் வராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒரு மொபெட், ஒரு தகரடப்பா, ஒரு பை நிறைய ஓலைவெடி. கையில் ஒரு கவர் வைத்திருந்தார். இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல்ல வேண்டும் என்றார்.

மெமோ. ஆபரேஷன்ஸ் மேனேஜர் தனசிங் கையெழுத்து. பதினெட்டாம் தேதி ஓடுபாதையில் மயில் இருந்ததால் பயிற்சி விமானம் மூன்று முறை வட்டமிட நேர்ந்தது. பணியில் கவனக்குறைவு. இது இந்த வருடத்தின் இரண்டாவது மெமோ. ஒரு வாரத்துக்குள் தரும் விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்.

படித்துச் சொன்னேன். கடைசி வரியைக் கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

"நான் அன்னைக்குப் பூரா ஓடுபாத ஓரத்துலதான் நின்னேன், பைலட்டம்மா. ஒரு மயிலு வரல. ஆனா நீங்க மேல இருந்து பாத்திருக்கீக. மேல இருந்து பாத்தா நல்லாத் தெரியும்லா. எந்தப் பக்கமா நின்னுச்சு?"

வடக்குப் பக்கம் என்றேன்.

போய் வடக்கு வேலியைக் கடைசிவரை நடந்து பார்த்தார். ஓர் ஓட்டையும் இல்லை. ஆனாலும் கம்பிச்சுருள் கொண்டுவந்து இன்னொரு வரிசை கட்ட ஆரம்பித்தார். பன்னிரண்டு மணி வெயில். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து நன்றாகத்தான் தெரிந்தது.

ஜூலை 22

பதினெட்டாம் தேதி நடந்தது இதுதான்.

அணையைச் சுற்றித் திரும்பியதும், ஐயாயிரத்து ஐநூறில் மேகம் இருக்கிறது, ஏழாயிரத்து ஐநூறுக்குப் போ என்றார் கேப்டன். போனேன். ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்து, வேகம் காட்டும் திரையின்மேல் ஒட்டினார். கணக்கு உன் தலையில் நடக்கட்டும் என்று அர்த்தம். கீழே காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குமேல் அவற்றிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

எங்கே இறங்க ஆரம்பிப்பாய் என்று கேட்டார்.

"சிமெண்ட் ஆலைகிட்ட, சார்."

"ஏன்?"

அங்கே இறங்கினால் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புகைபோக்கி வந்தது. பவரைக் குறைத்தேன். விமானம் மிக ஒழுங்காக, நிமிடத்துக்கு ஐநூறு அடி என்று இறங்கியது. அதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறே நிமிடத்தில் ஓடுபாதை வந்துவிட்டது. ஆயிரத்து ஐநூறு அடியில் இருக்க வேண்டியவள் நாலாயிரத்து ஐநூறில் இருந்தேன்.

"கீழ என்ன தெரியுது?"

"நம்ம ஓடுபாதை சார்."

"எங்க போகணும்?"

"அங்கதான் சார்."

"அப்ப இறங்கு."

ஒரு சுற்றுக்கு ஆயிரம் அடி. கோயிலைச் சுற்றுவதுபோல மூன்று சுற்று. நான் விழித்திருந்து ஆறு நிமிடம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் முறை.

இன்று காலை தாட்சாயணியிடம் எழுதிப் போடச் சொல்லிப் பார்த்தேன். ஆறாயிரம் அடி இறங்க வேண்டும், பன்னிரண்டு நிமிடம். நிமிடத்துக்கு இரண்டு மைல். இருபத்து நான்கு மைல். நான் ஆரம்பித்தது பன்னிரண்டில். அவள் இதை என்னிடம் ஒன்பதாம் தேதியே சொன்னாள், வடையுடன்.

நான்காம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்ல எழுப்பினார்கள். தெரியவில்லை. ஏதோ சொன்னேன். வகுப்பே சிரித்தது, டீச்சரும் சிரித்தார், உட்காரச் சொல்லிவிட்டார். அன்று உட்கார்ந்தவள்தான்.

ஜூலை 23

தனசிங் சாருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரைவு: 'மயில் தேசியப் பறவை என்பதால் அதைக் கண்டதாக எண்ணுவது தேசபக்தியின் ஓர் அடையாளம்...'

இரண்டாவது வரைவு: 'கானல் நீர் போல் கானல் மயிலும் உண்டு என்பதை அறிவியல் இன்னும்...'

மூன்றாவது வரைவில் மயிலுக்கே மெமோ கொடுக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தேன்.

தாட்சாயணி மூன்றையும் படித்தாள். மூன்றும் நன்றாக இருக்கிறது, ஆனால் முருகையா அண்ணன் வேலையைக் காப்பாற்றுகிற வரி எதில் இருக்கிறது என்று கேட்டாள்.

தாளில் பொய் எழுதியது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறு செக் இல்லை என்று சொல்லலாம். வீட்டுக்குப் போ என்றும் சொல்லலாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் அப்பா, தன்னைவிட உயரத்தில் உட்காரப்போகும் முதல் ஆள் நான்தான் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

ஜூலை 24

கொடுத்துவிட்டேன். மூன்று வரி.

'பதினெட்டாம் தேதி ஓடுபாதையில் மயில் இல்லை. எனக்கு மனதில் பெருக்க வராததால் தாமதமாக இறங்க ஆரம்பித்து மூன்று சுற்று சுற்றினேன். முருகையா மீது தவறு இல்லை.'

தனசிங் சார் இரண்டு முறை படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். இதில் விளையாட்டு எதுவும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். கேப்டன் வரும்வரை விமானத்தின் பக்கமே போகக்கூடாது என்றார்.

முருகையா அண்ணனிடமும் நானே போய்ச் சொன்னேன். கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அப்ப வடக்குப் பக்கம் நின்னுச்சுன்னியளே?"

"அதுவும் பொய்தாண்ணே."

அவர் கட்டி முடித்த வேலியைப் பார்த்தார். நீளமான வேலி.

"மூணு நாளா எங்க வீட்ல சோறு எறங்கல, தாயி" என்றார். அவ்வளவுதான். மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூலை 29

கேப்டன் வந்துவிட்டார். கூப்பிட்டார். என் கடிதம் மேஜையில் இருந்தது. அதன்மேல் காற்றுக்குப் பறக்காமல் ஒரு ஸ்பேனர்.

"மயில் எத்தன?"

"மயில் இல்ல சார்."

"எத்தனன்னு கேட்டேன்."

"பூஜ்யம் சார்."

"சரி. கணக்கு வருது."

பிறகு சொன்னார். தப்பாகக் கணக்குப் போடுகிறவர்களை அவர் பறக்க விடுவாராம். தப்பாக எழுதுகிறவர்களை விடுவதில்லை. மூன்று வரி எழுதிக் கொடுத்ததால் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் வரிசையில் கடைசி. பதினான்காவது. அக்டோபர் ஆகும். அதுவரை தினமும் காலையில் வராந்தா நாற்காலி.

முருகையா அண்ணனின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு ஒன்று கொடுத்தார்கள். இங்கிலீஷில்தான் இருந்தது. நானே படித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6

ஏழாம் வாய்ப்பாடு. பதினெட்டு வயதில். வராந்தாவில். சத்தமாக. போகிறவர்கள் எல்லோரும் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 19

தாட்சாயணி தனியாகப் பறந்துவிட்டு வந்தாள். வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காற்று எதிரே இருபது, எத்தனை மைலில் இறங்குவாய் என்றாள். போட்டேன். தப்பு. மறுபடி போட்டேன். வேறு தப்பு. முன்னேற்றம்.

"ஜோக்கு மட்டும் எப்புடிடி ஒடனே வருது?" என்று கேட்டாள்.

அதற்கு ஒரு நல்ல பதில் உடனே வந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 11

ஒன்று கண்டுபிடித்தேன். எனக்குப் பெருக்க வராது, ஆனால் நடுவில் நிற்க வரும். எட்டு நிமிடம் இறங்க வேண்டும் என்றால், மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்துக்குப் பன்னிரண்டு மைல், நூற்று இருபதுக்குப் பதினாறு மைல். இந்த இரண்டும் எனக்கு மனப்பாடம். நூற்று ஐந்து என்றால்? இரண்டுக்கும் நட்ட நடுவில். பதினான்கு. பெருக்கவே இல்லை.

தாட்சாயணி பெருக்கிப் பார்த்தாள். பதினான்குதான். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

செப்டம்பர் 30

இன்று முருகையா அண்ணன் மொபெட்டை நிறுத்தி, வடக்கு வேலிப் பக்கம் நிஜமாகவே ஒரு மயில் வந்தது, உள்ளே வர முடியாமல் திரும்பிப் போயிற்று என்றார். இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். நம்பினேன்.

அக்டோபர் 14

செக். காற்று குறைந்துவிட்டது, முழுதும் போகவில்லை. அணையிலிருந்து திரும்பும்போது ஐயாயிரத்து ஐநூறு. கேப்டன் மஞ்சள் தாளை ஒட்டினார். கீழே பத்தரை மைல் இடைவெளியில் இரண்டு கண்மாய்கள். முதலாவதுக்கு மேலே கடிகாரத்தை அழுத்தினேன். இரண்டாவது வர ஆறு நிமிடம் ஆயிற்று.

எத்தனை மைலில் இறங்குவாய் என்று கேட்டார்.

"கொஞ்சம் டைம் குடுங்க சார். எனக்கு மெதுவாத்தான் வரும்."

ஆறு நிமிடத்தில் பத்தரை. அறுபது நிமிடத்தில் நூற்று ஐந்து. விரலை மடக்கினேன். அவர் பார்க்கும்படியே மடக்கினேன். முழுதாக ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"பதினாலு சார்."

பதினான்காவது மைலில் பவரைக் குறைத்தேன். ஓடுபாதை வரும்போது உயரம் ஆயிரத்து அறுநூறு.

"நூறு அடி மிச்சம்" என்றார்.

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழம தனியாப் போயிட்டு வா."

அக்டோபர் 17

போய்விட்டு வந்தேன்.

திரும்பும்போது அதே உயரம், அதே கண்மாய்கள். ஆறு நிமிடம் ஆகும் என்று நினைத்தேன், ஆறு நிமிடம் பதினெட்டு விநாடி ஆயிற்று. வேகம் நூறு. நூறு என்பது தொண்ணூறுக்கும் நூற்று இருபதுக்கும் நட்ட நடுவில் இல்லை. தொண்ணூறிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இப்படி ஒன்றை நாற்காலியில் போட்டுப் பார்த்ததே இல்லை.

எத்தனை மைல் என்று நானே சத்தமாகக் கேட்டேன். அபாரமான ஜோக் ஒன்று உடனே வாய்வரை வந்தது. வலது இருக்கையைப் பார்த்தேன். பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

ஆகவே பதிலைச் சொன்னேன். பதின்மூன்றும் மூன்றில் ஒன்றும்.